முகம் பார்க்காத ஊசி

"எனக்கு என் மருமகளைப் பிடிக்காது. அதை முதல்லயே எழுதிக்கங்க" என்றார் வந்திருந்த அம்மாள்.

தும்மல் எழுதிக்கொண்டான்.

"ஆனா அவ திருடி இல்ல. அதையும் எழுதிக்கங்க."

அதையும் எழுதிக்கொண்டு, இரண்டில் எதற்கு அடிக்கோடு போடுவது என்று தெரியாமல் மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்த தன் முதலாளியைப் பார்த்தான்.

முதலாளி பெண்மணி. தொழில் வட்டாரத்தில் அவரை மூக்கு என்றுதான் சொல்வார்கள். முகத்தில் இருக்கும் மூக்கு சாதாரணமானதுதான். அடுத்தவர் விஷயத்தில் நுழைப்பதற்காகவே வாழ்பவர் என்பதால் வந்த பெயர் அது. உதவியாளனுக்குத் தும்மல் என்று பெயர் வந்ததும் அதையொட்டித்தான். மூக்கு போகிற இடமெல்லாம் போவான், வாயைத் திறக்கக் கூடாத நேரமாகப் பார்த்துத் திறப்பான். இன்று அவன் சட்டையின் நடுப் பொத்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

"என்ன நடந்துச்சு?" என்றார் மூக்கு.

"அவ ஒரு ஆராய்ச்சி விடுதியில நர்ஸு. திருட்டுத்தனமா மருந்த மாத்திட்டாளாம். அங்க உள்ள பெரிய டாக்டர் எனக்கே போன் பண்ணிச் சொல்றாரு. அவ நம்பருக்குப் போட்டாராம், உபயோகத்துல இல்லைன்னு வந்துச்சாம். எனக்கும் காலையிலேருந்து அதான் வருது. போன் ரிப்பேர் போல. சாயங்காலம் கமிட்டி கூடுதாம். லைசென்ஸப் பிடுங்கிடுவாங்களாம். அப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலயும் அவ ஊசியத் தொட முடியாதாம்."

"உங்களுக்குத்தான் அவங்களப் பிடிக்காதே. தொலையட்டும்னு விட்டுட வேண்டியதுதானே?" என்றான் தும்மல்.

அம்மாள் அவனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். பொத்தானில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"பிடிக்கலைன்னா அது எங்க வீட்டு விவகாரம். போன் பண்ணினா எடுக்க மாட்டா. எடுத்தா 'சொல்லுங்க'ன்னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல வாயில முத்து உதிராது. நான் எழுதிக் குடுக்கிற கடைச் சீட்டச் சிவப்பு மையில திருத்திட்டுத்தான் கடைக்கே போவா. நர்ஸுக்கு எதுக்குங்க சிவப்புப் பேனா? இப்படி ஆயிரம் இருக்கு. அதெல்லாம் நான் சொல்லலாம். என் பையன் பொண்டாட்டியத் திருடின்னு சொல்றதுக்கு அந்த டாக்டர் யாரு?"

மூக்கு எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். வழக்கை எடுத்துக்கொண்டார் என்று அதற்கு அர்த்தம்.

"நானும் வர்றேன்" என்றார் அம்மாள். வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த அறையில் யாருக்கும் இல்லை.

*

ஆராய்ச்சி விடுதி வெளியே பார்க்கப் பள்ளிக்கூடம் மாதிரியும் உள்ளே போனால் ஆஸ்பத்திரி மாதிரியும் இருந்தது. வராந்தாவில் பசி வாசனை அடித்தது. பசிக்கு வாசனை உண்டா என்று கேட்கக் கூடாது. வெந்த காய்கறி வாசனைதான், ஆனால் கொஞ்சமாக அடித்தது.

அம்மாளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் பெரிய டாக்டரின் அறைக்குள் போனார்கள். மெலிந்த மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் எந்த வாக்கியத்தையும் தொடங்குவார்.

"பட்டினி கிடந்தா உடம்பு கொழுப்ப மட்டும்தான் எரிக்கும்னு ஜனங்க நெனைக்கிறாங்க. அப்படி இல்ல. கூடவே தசையையும் கரைக்கும். உடற்பயிற்சி செஞ்சா ஓரளவு தடுக்கலாம். ஆனா தேவையில பாதி சாப்பிட்டுட்டு நாள் பூரா ஓடினா, குதிச்சா, பயிற்சியால மட்டும் முழுசாக் காப்பாத்த முடியாது. போதாததுக்கு அந்த நேரத்துல டெஸ்டோஸ்டிரோனும் இறங்கிடும்."

"யாரு டாக்டர் அவரு?" என்றான் தும்மல்.

"ஆண் ஹார்மோன். தசையக் கட்டுறதுல அதுக்குப் பெரிய பங்கு. வெளியிலேருந்து அத ஊசியாப் போட்டா, பட்டினியிலயும் தசை தப்பிக்குமா? அதான் எங்க ஆய்வு."

"வீட்டுல வருமானம் இல்ல. சேமிப்ப எடுத்துத் திங்கிறோம், கூடவே கட்டிலையும் பீரோவையும் வித்துத் திங்கிறோம். நீங்க பீரோவுக்கு ஒரு காவல்காரன் போட்டுப் பாக்குறீங்க. சரியா?" என்றான் தும்மல்.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். தன் இத்தனை வருட ஆராய்ச்சியும் ஒரு பீரோவுக்குள் அடங்கிவிட்டதில் அவருக்கு வருத்தம்.

"கிட்டத்தட்ட. இங்க இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் தாங்களா முன்வந்தவங்க. எல்லாருக்கும் ஒரே அரைச் சாப்பாடு, ஒரே பயிற்சி. வாரம் ஒரு ஊசி. பாதிப் பேருக்கு எள்ளெண்ணெயில கரைச்ச ஹார்மோன், மீதிப் பேருக்கு வெறும் எள்ளெண்ணெய். யாருக்கு எதுன்னு போட்டுக்கிறவனுக்கும் தெரியாது, போடுற நர்ஸுக்கும் தெரியாது. குப்பியில வெறும் நம்பர்தான். ரெண்டையும் நாங்க பொதுவா எண்ணெய்னுதான் சொல்வோம்."

"கோளாறு எங்க?" என்றார் மூக்கு.

"பாதி ஆய்வு முடிஞ்சு ஸ்கேன் எடுத்தோம். கொழுப்பு எல்லாருக்கும் இறங்கியிருக்கு. ஹார்மோன் போனவங்களுக்குத் தசை நிக்குது, கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு. வெறும் எண்ணெய்க்காரங்களுக்குக் கரைஞ்சிருக்கு. நெனச்ச மாதிரியே எல்லாம் நடந்திருக்கு, ரெண்டு பேரத் தவிர. ஒருத்தன் ஜிம் மாஸ்டர். எல்லாரும் தூண்னு கூப்பிடுவாங்க. ஹார்மோன் ஊசி அவனுக்கு. ஆனா கரைஞ்சு நிக்கிறான். இன்னொருத்தன் ஒரு டெய்லர். வெறும் எண்ணெய் அவனுக்கு. அவன் பாட்டுக்கு ஏறிக்கிட்டே போறான்."

"டெய்லர் திருட்டுத்தனமாச் சாப்பிட்டிருக்கலாம்" என்றார் மூக்கு.

"சாப்பிட்டிருந்தா கொழுப்பு இந்த அளவுக்கு இறங்கியிருக்காது. மத்தவங்க மாதிரியேதான் இறங்கியிருக்கு. தசை மட்டும் ஏறியிருக்கு. சந்தேகமே வேண்டாம், தூணோட எண்ணெய் டெய்லருக்குள்ள போயிருக்கு. ரத்தம் கடைசி நாள்லதான் எடுப்போம், அதனால அது வரைக்கும் காத்திருக்க முடியாது. தவிர, இதப் பாருங்க."

டாக்டர் தன் கைபேசியை நீட்டினார். வார்டு ஊழியர்கள் குழுவில் நர்ஸ் அனுப்பிய செய்தி. அவர் அதை உடனே அழித்துவிட்டாராம். அதற்குள் டாக்டர் படம் எடுத்து வைத்துவிட்டார்.

'எண்ணை மாற்றிவிட்டேன். பெரியவங்களுக்குத் தெரிய வேண்டாம்.'

"பெரியவங்கன்னா நான்" என்றார் டாக்டர், சற்றே நிமிர்ந்து. "யாருக்கோ ரகசியமா அனுப்ப வேண்டியது, கை தவறி எங்க குழுவுக்கே வந்துடுச்சு. கூப்பிட்டுக் கேட்டேன். மாத்துனியான்னு. 'ஆமா, மாத்துனேன், அது என் சொந்த விஷயம்'னு சொல்லிட்டுப் போறா. என்ன திமிரு பாருங்க. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லல. குற்றச்சாட்டு என்னன்னு கமிட்டி முன்னாடிதான் சொல்லணும்னு விதி. நீங்களும் அவகிட்ட மூச்சு விடக் கூடாது."

"எந்தக் குப்பியில ஹார்மோன் இருக்குன்னே தெரியாதவங்க எதுக்கு மாத்தணும்?" என்றார் மூக்கு.

"அதக் கமிட்டி கேக்கும்."

"ஊசி போடும்போது ஆள் மாறிப்போக வழி இருக்கா?"

டாக்டர் முகம் மலர்ந்தது. தன் குழந்தையைப் பற்றி யாரோ விசாரித்தது போல.

"வழியே இல்ல. முகத்தப் பாத்தா மனசு சாயும் பாருங்க, இவனுக்கு இரக்கம், அவனுக்கு எரிச்சல்னு. அதனால நர்ஸ் யார் முகத்தையும் பாக்கக் கூடாதுன்னு நானே ஒரு விதி போட்டிருக்கேன். அவ உள்ள வர்றதுக்கு முன்னாடியே எல்லாரும் குப்புறப் படுத்துடணும். கட்டிலுக்குக் கட்டில் துணித் தடுப்பு. கட்டில் கால்ல நம்பர். அந்த நம்பர் குப்பி அந்தக் கட்டிலுக்கு. பேச்சே கிடையாது."

"அப்ப அவங்க பாக்கிறது முகத்த இல்ல" என்றான் தும்மல்.

"இல்ல."

"அதப் பாத்தா மனசு சாயாதா டாக்டர்?"

மூக்கு எழுந்துகொண்டார். தும்மல் வாயைத் திறந்த பிறகு ஓர் அறையில் அதிக நேரம் இருக்கக் கூடாது என்பது அவர் அனுபவம்.

*

சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. தட்டு பெரிது, சாப்பாடு சிறிது. ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, வேகவைத்த காய். ஒவ்வொருவரும் முட்டையைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை.

வாசலிலேயே நின்று மூக்கு நீண்ட பெஞ்சைப் பார்த்தார்.

"தும்மல், என்ன தெரியுது?"

"பசி தெரியுது, பாஸ்."

"உக்காந்திருக்கிற விதத்தப் பாரு."

தும்மல் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பஸ் திருப்பத்தில் திரும்பும்போது கூட்டமே சாய்வது போல.

"நேத்து ஊசி போட்ட நாள்" என்றார் பக்கத்தில் கரண்டியோடு நின்ற சமையல்காரர். "எண்ணெய் ஊசி பாருங்க, சதைக்குள்ள கட்டியா நிக்கும். இந்த வாரம் வலது பக்கம். அடுத்த வாரம் எல்லாரும் அந்தப் பக்கம் சாய்வாங்க."

சாயாதவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் பெஞ்சின் கோடியில் நாற்காலி போட்டாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அகலமான எலும்பு, அதன் மேல் தொளதொளவென்று பனியன். ஒரு காலத்தில் அந்தப் பனியன் நிரம்பியிருக்க வேண்டும். தூண் என்று கேட்காமலே தெரிந்தது. இன்னொருவர் உட்காரவே இல்லை. ஜன்னலோரமாக நின்றபடி முட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டைக் கையில் பழைய தையலைப் பிரித்து அகலமாக்கிய கோடு தெரிந்தது. அழகான வேலை.

"அவருதான் டெய்லரா?"

"ஆமாங்க. ஊசி போட்ட மறுநாள் மட்டும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுவாரு. நின்னாத்தான் செரிக்குதாம்" என்றார் சமையல்காரர். "இங்க குடுக்கிற சாப்பாட்டுக்குச் செரிமானம் ஒரு கேடா?"

மூக்கு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அடுப்புக்கு மேலே ஓர் அட்டை. கரிய எழுத்தில், 'தரையில் எண்ணை சிந்தினால் உடனே துடைக்கவும்.' அதில் ஒரே ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே வேறு ஏதோ சிறிதாக எழுதியிருந்தது. அதைப் படிக்க மூக்கு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படித்துவிட்டுக் கழற்றினார்.

"வேலை வெட்டி இல்லாதவன் யாரோ" என்றான் தும்மல்.

"நர்ஸம்மாதாங்க" என்றார் சமையல்காரர். "காபி குடிக்க வந்தவங்க, திருத்திட்டுத்தான் குடிச்சாங்க."

*

நர்ஸ் ஊசி போடும் அறையில் தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். அழுத முகம் இல்லை. அழப் போவதை ஒத்திப் போட்ட முகம். அறையில் வரிசையாகக் கட்டில்கள், இடையே வெள்ளைத் துணித் தடுப்புகள். தடுப்புகளுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் குனிந்து போகும் அளவு சந்து.

"டாக்டர்கிட்ட மாத்துனேன்னு சொன்னீங்களாமே?" என்றார் மூக்கு.

"மாத்துனேன், இல்லைன்னு சொல்லலையே. ஆபீஸ்ல சொல்லாம மாத்தினது தப்புன்னா மன்னிப்புக் கேட்டிருப்பேன். இதுக்குப் போய்க் கமிட்டி, லைசென்ஸ்னு பேசுறாங்க. நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

தும்மல் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மூக்கு அவன் காலை மிதித்தார்.

"முதல் கட்டில் யாரு, கடைசிக் கட்டில் யாரு?"

"முகம் தெரியாதுங்க. நம்பர்தான். கடைசிக் கட்டில்காரர் மட்டும் ஒரு தினுசு. எல்லாருக்கும் வலது பக்கம்னா தனக்கு இடது பக்கம் போடச் சொல்லுவாரு. இடதுன்னா வலது. குரல் கரகரன்னு இருக்கும், தொண்டையில மண்ணு போட்ட மாதிரி."

"முதல் கட்டில்காரருக்கு எந்தப் பக்கம்?"

"எல்லார் மாதிரியும்தான். அமைதியான ஆளு. போட்ட உடனே எழுந்து போயிடுவாரு."

"உங்க மாமியார் வெளில உக்காந்திருக்காங்க" என்றான் தும்மல், கால் விடுபட்டதும்.

நர்ஸின் கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"அவங்களா? இங்கயா? அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"அவங்கதான் எங்களக் கூட்டிட்டு வந்தாங்க. உங்களக் காப்பாத்தச் சொல்லி."

நர்ஸ் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். நம்பாமல் கொஞ்ச நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒத்திப் போட்டிருந்த அழுகை இப்போது வந்தது. காலையிலிருந்து டாக்டர் மிரட்டியபோது வராதது, மாமியார் வந்திருக்கிறார் என்றதும் வந்தது.

"அப்ப நான் எதுவும் பேச மாட்டேங்க" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கமிட்டி என்ன வேணாப் பண்ணிக்கட்டும்."

வராந்தாவுக்கு வந்ததும் தும்மல் காலைத் தடவிக்கொண்டான். "ஒண்ணும் புரியல பாஸ். குத்தத்த ஒத்துக்கிறாங்க, ஆனா குத்தவாளி மாதிரி இல்ல."

"எத ஒத்துக்கிறாங்கன்னு கேளு. சரி, உன் பொத்தான் இன்னும் அறுந்து விழலையே?"

"இன்னும் இல்ல."

"நல்ல வேளை. வா, தச்சுக்கலாம்."

*

கூடத்தில் சாப்பாடு முடிந்திருந்தது. தூண் அதே இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டெய்லர் அதே ஜன்னலோரம்.

"அண்ணே, ஒரு உதவி" என்றான் தும்மல், பொத்தானைக் காட்டி.

டெய்லரின் கண்ணில் வெளிச்சம் வந்தது. தொழில்காரனிடம் வேலை கேட்டால் வரும் வெளிச்சம். சட்டைப் பையிலிருந்து ஊசி, நூல் எடுத்தார். "இதோ, ஒரு நிமிஷம்."

"நூல அளந்து வெட்டுற வரைக்கும் இத அவர்கிட்டக் குடுங்களேன்" என்று மூக்கு மிகச் சாதாரணமாக அந்த ஊசியை வாங்கித் தூணின் முன்னால் நீட்டினார். "சும்மா பிடிச்சுக்கங்க மாஸ்டர்."

தூண் ஊசியைப் பார்த்தார். நெற்றியில் வேர்வை பொடித்தது. உதடு வெளுத்தது. "வேண்டாம்மா... அத அந்தப் பக்கம்..." என்று தொடங்கியவர், வாக்கியத்தை முடிக்காமல் பெஞ்சிலிருந்து சரிந்து, நிதானமாகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"மாமா!" என்று கத்திக்கொண்டு டெய்லர் பாய்ந்தார்.

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று டெய்லருக்கு அப்போதுதான் உறைத்தது.

"சொந்தக்காரங்க ரெண்டு பேர் ஆய்வுல சேரக் கூடாதுன்னு விதி இருக்குமே" என்றார் மூக்கு. "அக்கா வீட்டுக்காரரா?"

டெய்லர் தலையை ஆட்டினார். தூணின் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே பேசினார்.

"எங்க மாமா ஜிம்முல இருநூறு பசங்க. அரை வயிறு சாப்பிட்டும் உடம்ப நிறுத்திக் காட்டுறேன்னு சவால் விட்டுட்டு இங்க வந்தாரு. மாத்திரைதான் குடுப்பாங்கன்னு நெனச்சுட்டாரு. வந்த பின்னாடிதான் ஊசின்னு தெரிஞ்சுது. பயந்து ஓடிட்டார்னு வெளியில தெரிஞ்சா அப்புறம் எவன் மதிப்பான்? எங்க அக்கா முகத்துக்காகச் செஞ்சேங்க. எனக்கு என்ன, நான் பொழைக்கிறதே ஊசியால."

"உங்களுது முதல் கட்டில். போட்டு முடிஞ்சதும் தடுப்புக்குப் பின்னால சந்து வழியாப் போய், இவரு நழுவிட்டுப் போன கடைசிக் கட்டில்ல குப்புறப் படுத்துப்பீங்க. ஒரே பக்கம் ரெண்டு தடவ குத்தினா அடையாளம் தெரியும். அதனால குரல மாத்தி, பக்கத்தையும் மாத்தச் சொல்லுவீங்க. ரெண்டு பக்கமும் வலி, அதான் உக்கார முடியல. இவருக்கு எந்தப் பக்கமும் வலி இல்ல, அதான் நேரா உக்காந்திருக்காரு."

"என் ஊசியும் எனக்குத்தான், மாமா ஊசியும் எனக்குத்தான்" என்றார் டெய்லர். "சட்டையெல்லாம் இறுக்கிப் பிடிக்குதுங்க. பிரிச்சுப் பிரிச்சுத் தைக்கிறேன்."

கண் விழித்த தூண் முதலில் கேட்டது, "ஜிம்முல சொல்லிடுவீங்களா?"

*

பெரிய டாக்டரின் அறை நிறைந்திருந்தது. தூண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார், டெய்லர் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் சுவரோரம். அம்மாள் நடு நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு.

மூக்கு சொல்லி முடித்ததும் டாக்டர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்தார். முகம் பார்க்கக் கூடாது என்ற விதியை யார் போட்டார்கள் என்று எவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அவருக்கு அதிகமாக வலித்திருக்கும்.

"சரி. ஆனா மருந்த மாத்துனேன்னு அவளே ஒத்துக்கிட்டாளே?"

"மருந்தா?" என்றார் நர்ஸ் திடுக்கிட்டு. "எந்த மருந்து?"

"டாக்டர், ஒரு சின்னப் பரீட்சை" என்றார் மூக்கு. "சமைக்கிற எண்ணெய். அத எழுதுங்க. தும்மல், நீயும்."

இருவரும் எழுதினார்கள். இரண்டு தாளிலும் 'எண்ணை' என்றிருந்தது.

"படிச்சவரும் நம்ம தும்மலும் ஒண்ணு சேர்ற இடம் இது. பாதி ஊர் இப்படித்தான் எழுதுது. ஆனா அடுப்புக்கு மேல இருக்கிற அட்டையில இந்தச் சொல்லப் பாத்துட்டுக் காபி குடிக்க முடியாத ஒருத்தங்க இங்க இருக்காங்க. அடிச்சு, 'எண்ணெய்'னு எழுதிட்டுத்தான் குடிச்சிருக்காங்க. அவங்க எண்ணெய மாத்தியிருந்தா 'எண்ணெயை மாற்றிவிட்டேன்'னு எழுதியிருப்பாங்க. எழுதினது 'எண்ணை மாற்றிவிட்டேன்.' எண். நம்பர்."

"அட, ஆமா" என்றார் அம்மாள். "என் கடைச் சீட்டுலயும் அதத்தான் திருத்துவா. ஒவ்வொரு தடவையும்."

"சரி, எந்த நம்பர்?" என்றார் டாக்டர். "பெரியவங்களுக்குத் தெரிய வேண்டாம்னா, எந்தப் பெரியவங்களுக்கு?"

மூக்கு பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார். அவருக்கு அது அபூர்வம். பதில் அவருக்குத் தெரியும். காலையிலிருந்து உபயோகத்தில் இல்லாத அந்த நம்பர்தான் பதில். ஆனால் அதை யாருக்குத் தெரிய வேண்டாம் என்று நர்ஸ் நினைத்தாரோ, அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வழக்கைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

"நீங்க கொஞ்சம் வெளியில..." என்றார் மூக்கு அம்மாளிடம்.

"எதுக்கு?"

நர்ஸ் தரையைப் பார்த்தபடி நின்றார். டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராவிட்டால் கமிட்டிதான் என்று அந்தப் பார்வை சொன்னது.

அம்மாள் கைப்பையைத் திறந்தார். கைபேசியை எடுத்தார். ஒரு நம்பரைத் தட்டிக் காதில் வைத்துக்கொண்டார். நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று அதற்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு வைத்தார். மருமகளைப் பார்த்தார். தும்மல்கூட எதுவும் சொல்லவில்லை, அதை அவன் வாழ்நாள் சாதனையாகக் கருத வேண்டும்.

"போன் நம்பர்தான் டாக்டர்" என்றார் அம்மாள். "நான்தான் மாத்தச் சொன்னேன்."

நர்ஸ் நிமிர்ந்தார்.

"யாரோ ஒரு பொம்பளை. நேரம் காலம் இல்லாம இவளுக்குப் போன் பண்ணி, சாப்பிட்டியா, எங்க இருக்க, ஏன் எடுக்கலைன்னு உயிர எடுக்குறா. ஊசி போடுற நேரத்துலகூட விடறதில்ல. மாத்தித் தொலைடின்னு நான்தான் சொன்னேன். புது சிம் வாங்கின கையோட என் பையனுக்கு அனுப்பின செய்தி, 'வீடு'ன்னு இருக்கிறதுக்குப் பதிலா 'வார்டு'ல விழுந்திருக்கு. இதுக்கெல்லாமா கமிட்டி?"

"அப்ப பெரியவங்கன்னா?"

"அந்தப் பொம்பளைதான். வயசுல பெரியவ." அம்மாள் கைப்பையை மூடினார். "நீங்கன்னு நெனச்சீங்களாக்கும்?"

டாக்டர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. பிறகு கமிட்டிக்குப் போன் போட்டு, சாயங்காலக் கூட்டம் வேறு விஷயமாக நடக்கும் என்றார். அது தன் விதியைப் பற்றி என்பதைச் சொல்லும்போது குரல் சற்று இறங்கியது. நர்ஸிடம் மன்னிப்பும் கேட்டார். தூணைப் பார்த்து, ஆய்விலிருந்து நீக்கும் காரணத்தை 'உடல் ஒத்துக்கொள்ளவில்லை' என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். தூண் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு சந்தேகம் டாக்டர்" என்றான் தும்மல். "டெய்லர் அண்ணனுக்கு இவ்வளவு சதை ஏறியிருக்கே, பலமும் ஏறியிருக்கா?"

"இல்ல" என்றார் டாக்டர். "எங்களுக்கே ஆச்சரியம். ஹார்மோன் போன யாருக்குமே இது வரைக்கும் சதை நின்ன அளவுக்குப் பலம் கூடல."

"அப்ப பீரோ இருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல."

*

மூவரும் வாசலுக்கு வந்தார்கள். நர்ஸ் வேலை நேரம் முடியும் வரை உள்ளே இருக்க வேண்டும். அறையை விட்டு வரும்போது அவர் மாமியாருக்குப் பின்னாலேயே வந்து, "அத்தை, புது நம்பர்..." என்று ஆரம்பித்தார். "எனக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அம்மாள் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார்.

"கண்டுபிடிச்சுட்டீங்க" என்றார் இப்போது மூக்கிடம். "உள்ளயே."

"நீங்களும்தான்."

"எனக்கு இன்னமும் அவளப் பிடிக்கல."

"எழுதியிருக்கோம்" என்றான் தும்மல்.

அம்மாள் தெருவைப் பார்த்தபடி நின்றார். கண் ஓரத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

அப்போது கைப்பைக்குள் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். பெயர் இல்லாத புது நம்பர். மூக்கு விடுதியின் மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே வெள்ளை உடுப்பில் ஒருத்தி காதில் கைபேசியோடு நின்றாள்.

அம்மாள் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை. நன்றாக அடிக்கவிட்டார். இன்னும் கொஞ்சம் அடிக்கவிட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு எடுத்தார்.

"யாருங்க பேசுறது?"

மறுமுனையில் பதில் வந்தது.

"மருமகளா?" என்றார் அம்மாள். "எந்த மருமக?"

அவருக்கு இருப்பது ஒரே மருமகள்.